மட்கார்டில் சந்தனம்

ஜூன் 9, திங்கள்

கொரியர்காரர் மணி அடித்தபோது அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். நல்லதாகப் போயிற்று. பெரிய பெட்டி. "என்னங்க, மிக்ஸிங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லி வாங்கி, மாடியறைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

உள்ளே இருப்பது ரிமோட்டில் ஓடும் வண்டி. முழங்கை நீளம் இருக்கும். வேகமாகப் போகாது, பாறைமேல் ஆமைபோல ஏறும், அதற்கென்றே செய்தது. சபரீஷின் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்று ஏப்ரலில் சொல்லிவைத்தேன். கடலைத் தாண்டி வர நாளாகும் என்றார்கள். அதற்குள் சம்பந்தம் நின்றுவிட்டது. வண்டிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போல, வந்துவிட்டது.

திருப்பி அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

ஜூன் 11, புதன்

நடந்ததை ஒரே ஒரு முறை எழுதிவிடுகிறேன். அதன்பிறகு எழுத மாட்டேன்.

பிப்ரவரியில் பெண் பார்க்க வந்தார்கள். சபரீஷுக்கு ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை. கூடத்து சோபாவில் உட்கார்ந்து, எழுந்து போகும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மார்ச்சில் இரு வீட்டாரும் உப்புச்சக்கரை மாற்றிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் அது முடிந்தால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. பிறகு போனில் பேசினோம். அதாவது அவர் ஏதாவது கேட்பார், நான் "ம்" என்பேன். ஒருநாள் மட்டும் தன்னுடைய பாறையேறி வண்டியைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். குரலே வேறு மாதிரி இருந்தது. அன்றைக்கும் நான் "ம்" என்றுதான் சொன்னேன், ஆனால் போனை வைத்ததும் கடையைத் தேடி இதை வரவழைத்தேன்.

மே மாதம் அவருடைய அம்மா கூப்பிட்டார். "ரெண்டு பேருக்கும் பேச்சே ஓடலீங்கறானுங்க பையன். பின்னால சங்கடப்படறதுக்கு இப்பவே நிறுத்திக்கலாமுங்க."

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. மற்றவர்களுக்குத்தான். அப்பா டிவி சத்தத்தைக் குறைத்து வைக்கிறார். கோவிலில் என்னைக் கண்டதும் பேசிக்கொண்டிருந்தவர்கள் பூமாலையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள்.

இன்று ஒன்பதாம் வகுப்பு அறிவியல் கையேட்டுக்கு மெய்ப்புப் பார்த்தேன். என் பிழைப்பு அது. "உராய்வு" பாடத்தில் ஏராளமான பிழைகள்.

ஜூன் 15, ஞாயிறு

பெட்டியைத் திறந்தேன். பார்ப்பதற்கு மட்டும்தான்.

பிறகு பேட்டரிக்குச் சார்ஜ் போட்டேன். பழுதாகாமல் இருக்க வேண்டுமே. பிறகு, கடைக்காரர் பேச்சைக் கேட்டுக் கூடவே வாங்கியிருந்த பெரிய டயர்களை மாட்டினேன். பெட்டியில் சும்மா கிடந்து என்ன பயன்?

புத்தகங்களை அடுக்கினால் நல்ல மலை கிடைக்கிறது. தடித்த மொழிபெயர்ப்பு நாவல்கள் செங்குத்துப் பாறை. கவிதைத் தொகுப்புகள் சரளைக்கல், காலடியில் நழுவும். வண்டி முதல் நாவலில் ஏறியது. இரண்டாவதன்மேல் முன்சக்கரத்தை வைத்துத் திரும்பும்போது 'கர்ர்' என்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. பெரிய டயர் மட்கார்டில் இடிக்கிறது. நேராக நிற்கும்போது இடிக்கவில்லை. ஒரு சக்கரம் மேலே தூக்கி, அதே நேரத்தில் திரும்பினால்தான் இடிக்கிறது.

இதை இப்படியே விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஜூன் 17, செவ்வாய்

'கோவை கல்லேறிகள்' வாட்ஸாப் குழுவில் சேர்ந்தேன். பெயர் சபரீஷ் அன்று சொன்னதுதான். டயர் இடிப்பதைப் பற்றிக் கேட்க வேறு இடம் இல்லை, அதனால் மட்டுமே. ஆர். மிதுனா என்று போட விருப்பமில்லை. ஆர். எம். என்று போட்டேன். படம் வைக்கவில்லை. நம்பரும் நெட்டுக்காக வாங்கிய இரண்டாவது சிம்முடையது, வெளியில் யாருக்கும் தெரியாது.

குழுவை நடத்துபவர் சாதிக் அண்ணன். உக்கடத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். உடனே எழுதினார்: "வாங்க சார், வாங்க. ரிட்டயர் ஆயிட்டீங்களா சார்? நல்ல பொழுதுபோக்கு சார் இது."

நான் ஒரு கட்டைவிரலைப் போட்டேன். கட்டைவிரல் பொய் சொல்லாது. என்ன சொல்கிறது என்பதும் தெரியாது.

அந்த நேரத்திலிருந்து நான் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பதினேழு ஆண்கள் எனக்குக் காலை வணக்கம் சொல்கிறார்கள். இந்த ஊரில் என்னை 'நின்னுபோன பொண்ணு' என்று பார்க்காத இடம் இது ஒன்றுதான். இதை விடப்போவதில்லை. அவர்களுக்கு நான் யாரென்று தெரிந்தால் அங்கேயும் பூமாலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

வண்டியின் மேல்கூட்டைத் தாங்கும் நான்கு கம்பிகளையும் ஒரு துளை உயர்த்தினேன். டயர் இடிப்பது நின்றது. வண்டி மூன்றாவது நாவலில் கால் வைத்ததும் குட்டிக்கரணம் போட்டது. உயரம் கூடினால் எடை மேலே போய்விடும் என்பது பாடநூலிலேயே இருக்கிறது, நானே திருத்திய பக்கம்.

கீழிருந்து அம்மா: "மேல என்ன கண்ணு சத்தம்?"

"புத்தகம் விழுந்துச்சும்மா."

"அது ஏன் நாலு தடவ விழுகுது?"

ஜூன் 25, புதன்

சபரீஷ் குழுவில் ஒரு படம் போட்டிருக்கிறார். அதே வண்டி, அதே பெரிய டயர், அதே இடத்தில் தேய்ந்த மட்கார்டு. "யாராச்சும் வழி சொல்லுங்கப்பா."

சாதிக் அண்ணன்: "மேல தூக்கு." புஷ்பராஜ் என்பவர்: "சின்ன டயர் போடு, வேலை முடிஞ்சுது." (புஷ்பராஜின் வண்டி ஓடுவதைவிடக் கவிழ்ந்து கிடக்கும் படங்கள்தான் குழுவில் அதிகம்.)

நான் எழுதினேன்: "தூக்காதீர்கள். கவிழும்."

ஐந்தே வினாடியில் சபரீஷிடமிருந்து தனியாக ஒரு செய்தி. "வணக்கம் சார். நீங்க தூக்கிப் பாத்தீங்களா சார்?"

பாடம் கேட்கிறவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

அதிர்வைத் தாங்கும் ஷாக் தண்டுகளில் சிறிய ரப்பர் துண்டுகளைக் கோத்துச் சக்கரம் மேலே எழும்புவதைக் குறைத்தேன். சபரீஷும் அதையே செய்தார். பிறகு ரப்பரின் தடிமனைப் பற்றி மாலை முழுவதும் பேசினோம். பேச்சு நடுவில் அவர் சாப்பிடப் போய்விட்டு வந்தார்.

அம்மா சுட்ட தோசை ஆறிப்போயிற்று.

ஜூலை 2, புதன்

பேசினோம். மட்கார்டு.

ஜூலை 3, வியாழன்

பேசினோம். மட்கார்டு. கொஞ்சம் மழை.

ஜூலை 5, சனி

கண்டுபிடித்துவிட்டேன். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே ஓர் அறுகோண உலோகத் துண்டு இருக்கிறது, குழுவில் ஹெக்ஸ் என்பார்கள். அகலமான ஹெக்ஸ் போட்டால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். வெளியே நிற்கும் சக்கரம் மட்கார்டில் எப்படி இடிக்கும்? மேசைமேல் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். இடிக்கவில்லை.

குழுவில் எழுதினேன். சாதிக் அண்ணன் மூன்று முறை கைதட்டினார். "அனுபவம் பேசுது பாருங்கப்பா."

இந்த மாதம் இருபத்தேழாம் தேதி மதுக்கரைப் பக்கம் பாறைக்காட்டில் போட்டியாம். சபரீஷ்தான் போன வருடம் முதலிடம். "சார், நீங்க கட்டாயம் வரணும்" என்றார் சாதிக் அண்ணன். ஆர். எம்.முக்கு இடுப்பு வலி என்று எழுதினேன். எழுதியதும் உண்மையாகவே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"பரவால்லீங்க சார். வேற யாரையாச்சும் விட்டு ஓட்டலாம். வண்டிதான் கணக்கு."

அன்று சபரீஷின் வண்டியை என் வண்டி தோற்கடிக்க வேண்டும். இது பழிவாங்கல் இல்லை. விளையாட்டு.

ஜூலை 6, ஞாயிறு

சபரீஷ் அகல ஹெக்ஸ் மாட்டிவிட்டார்.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா இருக்குங்க சார்."

ஜூலை 11, வெள்ளி

இன்று மட்கார்டைப் பற்றிப் பேசி முடித்தபின் சபரீஷ் ஒரு நீண்ட செய்தி அனுப்பினார். அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன், எந்தக் காரணமும் இல்லை.

"சார், உங்ககிட்ட சொல்லலாம்னு தோணுது. எனக்கு ஒரு சம்பந்தம் ஆகி நின்னுபோச்சு. நான்தான் நிறுத்தச் சொன்னேன். அந்தப் பொண்ணு நெறய படிக்கறவங்க சார். வீடு பூரா புத்தகம். நான் போன்ல என்ன சொன்னாலும் 'ம்'னுதான் சொல்லுவாங்க. இவன்கிட்ட பேசறதுக்கு என்ன இருக்குதுன்னு நெனச்சிருப்பாங்க. காலம்பூரா ஒருத்தரை 'ம்' சொல்ல வெக்கறது பாவமில்லீங்களா சார்?"

அரிசி களையப் போனேன். இரண்டு முறை களைந்தேன். திரும்பி வந்து, "அந்தப் பெண்ணுக்கும் பேச வராமல் இருந்திருக்கலாம்" என்று எழுதினேன்.

"இல்லீங்க சார். அவங்களுக்கு எல்லாம் தெரியும்."

"சக்கரத்தைக் கழற்றி மண்ணைச் சுத்தம் செய்யுங்கள்" என்று எழுதிவிட்டு போனை அணைத்தேன். மூக்கு அடைத்துக்கொண்டது. மழைக்காலம் அல்லவா.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. ஒரு மாதத்துக்கு எவரும் ஜாதகத்தோடு வரமாட்டார்கள். காலண்டரில் எனக்குப் பிடித்த தாள் இது.

ஜூலை 18, வெள்ளி

மாட்டிக்கொண்டேன்.

ஆடி வெள்ளி என்று அம்மா வீடு முழுக்கக் கூட்டினாள். என் கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டபோது வண்டி அதன்மேல் ஏறிக்கொண்டது. (ஓடவில்லை. சக்கரம் உருண்டு ஏறியது.) நான் சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கூடத்து நடுவில் வண்டி. பக்கத்தில் அம்மா, இடுப்பில் கை.

"இது என்ன கண்ணு?"

"வண்டிம்மா."

"அது தெரியுது. யாருது?"

"என்ற வண்டிதான்."

அம்மா குனிந்து ஒரு சக்கரத்தை விரலால் உருட்டினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "வாங்கி எத்தனை நாளாச்சு?"

"ஒரு மாசம் இருக்கும்."

"ஒரு மாசமா பூஜை போடாம ஓட்டறயா? உனக்கு எப்படி நல்லது நடக்கும்?"

பிறகு நடந்ததில் எனக்குப் பங்கில்லை. வண்டிக்குப் பொட்டு வைத்தாள். நான்கு டயரிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பினாள், கையில் இருந்ததை வீணாக்கக் கூடாது என்று ஓரங்களிலும். கண்ணாடிக்கு மேலே ஒரு துண்டு மல்லிகைச்சரம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஓர் எலுமிச்சம்பழம். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து கும்பிட்டார்.

"எடு" என்றாள் அம்மா.

எடுத்தேன். ஆனால் இது பாறை ஏறும் வண்டி. சக்கரங்களை வளைத்து, ஒவ்வொரு பழத்தின் மேலும் ஏறி இறங்கி, அந்தப் பக்கம் போய் நின்றது. ஒரு பழம்கூட நசுங்கவில்லை.

"என்னங்க இது?" என்று அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"நல்ல சஸ்பென்ஷன்" என்றார் அப்பா. மே மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

நேரம் தவறிவிடும் என்று அம்மாவே நான்கு பழத்தையும் குதிகாலால் நசுக்கினாள்.

படம் எடுத்துக் குழுவில் போட்டேன். கூடத்துத் தரை, மல்லிகை சூடிய வண்டி, சந்தனம், பழங்கள். எங்கள் கூடத்தில் பழைய மொசைக் தரை. நடுவில் விரிசல்விட்ட இடத்தைக் கொத்தனார் கறுப்புச் சிமெண்டால் மூடியதில் அது வாத்து மாதிரி ஆகிவிட்டது. வாத்தின் தலைமேல்தான் வண்டி நிற்கிறது. பார்க்க நன்றாக இருந்தது.

பதினாறு பேர் சிரித்தார்கள். சபரீஷ் மட்டும் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. ஆபீஸில் வேலையாக இருந்திருப்பார்.

ஜூலை 19, சனி

சந்தனத்தைத் துடைக்க உட்கார்ந்தேன். வண்டியைத் தலைகீழாகப் பிடித்தபோது மட்கார்டின் உட்புறம் மஞ்சளாக ஒரு கோடு. டயரில் அப்பிய ஈரச் சந்தனம், எங்கெங்கே இடித்ததோ அங்கங்கே ஒட்டியிருக்கிறது. இடிக்கிறது என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்த மேல் வளைவில் ஒரு பொட்டுகூட இல்லை. அத்தனையும் மட்கார்டின் பின் ஓரத்தில், அடியில்.

சக்கரத்தைக் கையால் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சக்கரத்தை வெளியே தள்ளினால் அது திரும்பும்போது பெரிய வட்டம் போடுகிறது. பெரிய வட்டம் பின்னால் போய் இடிக்கிறது. மேசைமேல் நேராக நிற்கவைத்துப் பார்த்ததில் இது தெரியவில்லை. ஆக, அகல ஹெக்ஸ் நோயைக் குணப்படுத்தவில்லை, இடம் மாற்றியிருக்கிறது, கொஞ்சம் வளர்த்தும் விட்டிருக்கிறது.

அதை நான் குழுவில் எழுதி, மூன்று கைதட்டல் வாங்கி, சபரீஷின் வண்டியிலும் மாட்டவைத்திருக்கிறேன்.

அவருக்குச் சொல்ல வேண்டும். சொல்கிறேன். ஆனால் நேற்றுத் துவைத்த துணிகளெல்லாம் மடிக்க வேண்டியிருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

இன்று நெட் சரியாக இல்லை. (சாதிக் அண்ணன் அனுப்பிய ஏழு வீடியோக்களும் வந்தன.)

சபரீஷிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஜூலை 21, திங்கள்

சபரீஷ் எழுதினார். "வண்டிக்குப் பூஜை போட்டது யாருங்க?"

"வீட்டில்" என்று எழுதினேன்.

"நல்லா இருந்துச்சுங்க. தரையும்."

'சார்' போடவில்லை. அவசரத்தில் விட்டிருப்பார்.

ஜூலை 22, செவ்வாய்

இன்றும் 'சார்' இல்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இதுவரை கேட்டதே இல்லை. பிறகு, "என்ன புத்தகம் படிக்கறீங்க இப்போ?"

ஆர். எம். புத்தகம் படிப்பவர் என்று நான் எப்போதாவது சொன்னேனா? சொல்லியிருப்பேன். தென்துருவத்துக்குப் போய்ப் பனியில் மாட்டிக்கொண்டவர்களின் கதை என்று எழுதினேன். அதைப் பற்றிக் கேட்டார். நான் நீளமாக எழுதினேன், அவர் ஒவ்வொரு பத்திக்கும் "ம்" போட்டார். மூன்றாவது "ம்"முக்குப் பிறகு ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. எதற்கென்று புரியவில்லை. என் கதையில் அந்த இடத்தில் நாய்கள் செத்துக்கொண்டிருந்தன.

ஜூலை 24, வியாழன்

அகல ஹெக்ஸைக் கழற்றிப் பழையதை மாட்டினேன். அச்சைத் தாங்கும் தண்டுகளைத் திருகி நீட்டி, முன்சக்கரங்களை ஒரு நூல் அளவு முன்னால் தள்ளினேன். மட்கார்டின் பின் ஓரத்தை உப்புத்தாளில் அரைத்து வளைத்தேன். மேல்கூட்டைக் கீழே இறக்கினேன். பிறகு டயரில் சந்தனம் பூசிப் புத்தகமலையில் ஏற்றினேன். கோடு விழுந்த இடத்தை அரைப்பது, மறுபடி பூசுவது. கடைசிச் சுற்றில் ஒரு கோடும் இல்லை.

அம்மா கதவைத் திறந்தாள். "அந்தச் சந்தனம் சாமிக்கு வெச்சது."

"வண்டியும் சாமிதான்னு நீதானேம்மா சொன்ன?"

"நான் எப்ப சொன்னேன்?" என்றாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, ரிமோட்டை வாங்கி, அந்தப் பெரிய நாவலின்மேல் ஏற்றிவிட்டுத்தான் போனாள்.

ஜூலை 26, சனி

நாளை போட்டி. சபரீஷுக்கு இன்னும் சொல்லவில்லை. காரணங்களை யோசித்தேன். ஒன்று, அவரே "நல்லா இருக்கு" என்றுதான் சொன்னார். இரண்டாவது காரணம் சமையலறையில் பால் பொங்கியதில் மறந்துவிட்டது.

போவதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசனை. போனால் ஆர். எம்.முக்கு ஆபத்து. போகாவிட்டால் வண்டி இவ்வளவு நன்றாக ஏறுகிறது என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"யாரெல்லாம் வருவாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"எல்லாம் பெரியவங்கம்மா."

ஜூலை 27, ஞாயிறு

கையில் மண் போகவில்லை. இருந்தாலும் இன்றே எழுத வேண்டும்.

ஸ்கூட்டரில் போய் இறங்கினேன். ஆடிக் காற்றில் பந்தல் துணி படபடத்தது. பாறைகளுக்கு நடுவே ஜோடி ஜோடியாகக் குச்சிகள் நட்டிருந்தார்கள். அவற்றைத் தொடாமல், கவிழாமல், நடுவே வண்டியைச் செலுத்த வேண்டும். தாடி வைத்த ஒருவர் ஓடிவந்தார். வீடியோக்களில் கேட்ட குரல், சாதிக் அண்ணன் என்று தெரிந்துவிட்டது.

"யாரைப் பாக்கணுமுங்க?"

"ஆர். எம். வண்டி கொண்டுவந்திருக்கேனுங்க. நான்தான் ஓட்டறேன்."

"சார் வரலீங்களா? அடடா. நீங்க சாருக்கு…?"

"ரொம்ப வேண்டியவங்க."

"ஏம்ப்பா, நம்ம சார் வீட்டுல இருந்து வந்திருக்காங்க! சேர் போடுங்கப்பா!"

சேர் வந்தது. மோர் வந்தது. எல்லாரும் சாரின் இடுப்பை விசாரித்தார்கள். கடைசியாகத் தொப்பி போட்ட ஒருவர் வந்து நின்றார். சபரீஷ். தரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அதிர்ச்சி வரும் என்று இரண்டு வாரமாக எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை.

"சார் சவுக்கியங்களா?" என்றார்.

"நல்லா இருக்காருங்க."

"கேட்டதா சொல்லுங்க." அவ்வளவுதான், போய்விட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் முறை வந்தது. ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கடைசிக் குச்சிகள் ஒரு சரிவான பாறையில் இருந்தன. இடது சக்கரம் மேலே எழும்ப, முழுதாகத் திரும்பினால்தான் ஏற முடியும். முன்பு ஏறியவர்கள் அந்த இடத்தில்தான் 'கர்ர்' என்று நின்றார்கள். என் வண்டி சத்தமில்லாமல் திரும்பி ஏறியது. "சாரு வண்டிடா!" என்று யாரோ கத்தினார்.

அடுத்தது சபரீஷ். அவர் வண்டியைத் தரையில் வைத்தபோது பார்த்தேன், சக்கரங்கள் வெளியே தள்ளி நின்றன. அகல ஹெக்ஸ் இன்னும் இருக்கிறது. அந்தப் பாறையில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் சும்மா சேரில் உட்கார்ந்திருந்தால் போதும். வந்ததே அதற்குத்தான்.

எழுந்து போனேன்.

"அந்த அகல ஹெக்ஸைக் கழட்டிடுங்க. சார் சொன்னது தப்பு."

"தெரியுமுங்க."

"எப்பத் தெரியும்?"

"மாட்டின அன்னிக்கே. முன்னவிட மோசமா இடிச்சுது."

"நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

"பெரியவர்கிட்ட தப்புன்னு எப்படிங்க சொல்றது? நாலு நாள் போகட்டும், சத்தமில்லாம கழட்டிக்கலாம்னு இருந்தேன். அப்பத்தான் தரையைப் பார்த்தேன்."

"எந்தத் தரை?"

"உங்க வீட்டுத் தரைங்க. அந்த வாத்து. அன்னிக்கு உங்க வீட்டுல நான் அதைத்தானுங்களே பார்த்துட்டு இருந்தேன்."

எனக்குக் காது சுட்டது. பந்தலில் யாரோ மைக்கைத் தட்டி, "சபரீஷ், சபரீஷ்" என்றார்கள்.

"அப்புறமாச்சும் கழட்டியிருக்கலாமே?"

"நீங்க வேணும்னேதான் மாட்டச் சொல்லியிருக்கீங்கன்னு நெனச்சேன். நான் பண்ணினதுக்கு இது கம்மிதானுங்க. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

ஆக, என்னைச் சூழ்ச்சிக்காரி என்று நினைத்திருக்கிறார். கேட்க எவ்வளவு கம்பீரமாக இருந்தது! இரண்டு மாதமாகத் திட்டம் போட்டு, எதிரியின் வண்டிக்குள் புகுந்து கவிழ்த்தவள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பெயர் எனக்கே கிடைத்திருக்கும்.

"வேணும்னு சொல்லலீங்க" என்றேன். "எனக்குத் தெரியலை. மேசைமேல வெச்சுப் பார்த்துட்டுச் சொல்லிட்டேன். போன வாரந்தான் தெரிஞ்சுது, அதுக்கப்புறம் சொல்லாம இருந்ததுதான் வேணும்னே."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்ததே இல்லை. குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆர். எம். சாருக்கே தெரியலீங்களா!"

"மெதுவாங்க. கேக்கப்போறாங்க."

"சாதிக் அண்ணன் அந்த ஹெக்ஸ் யோசனையை எழுதிப் பிரேம் போட்டுக் கடையில மாட்டியிருக்காருங்க."

ஹெக்ஸைக் கழற்ற நேரமில்லை. அப்படியே ஓட்டினார். சரிவான பாறையில் 'கர்ர்' என்று நின்று, காற்றில் ஒரு முறை ஆடி, மல்லாந்தது. நான் கைதட்டவில்லை. தட்டியிருந்தால் மோர் டம்ளரைக் கீழே வைக்க வேண்டியிருந்திருக்கும்.

முதலிடம் புஷ்பராஜ், சின்ன டயரோடு. யாருக்கும் நம்ப முடியவில்லை, புஷ்பராஜுக்கும். நான் மூன்றாவது. சபரீஷ் ஆறாவது.

பிறகு புங்கமர நிழலில் உட்கார்ந்து அவருடைய ஹெக்ஸைக் கழற்றினோம். நான்கு திருகுதான். சாதிக் அண்ணன் என் வண்டியைத் தலைகீழாகப் பிடித்து, மட்கார்டில் அரைத்த ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

ஜூலை 28, திங்கள்

காலையில் சாதிக் அண்ணன் குழுவில் எழுதினார்: "ஆர். எம். சார், உங்க வண்டி மூணாவது! ஓட்டின அம்மணி கலக்கிட்டாங்க."

அதற்குக் கீழே சபரீஷ்: "ஆர். எம். சார், உங்க வண்டியை ஓட்டினவங்களை வர்ற ஞாயித்துக்கிழமை பாக்க உங்க அனுமதி வேணுமுங்க."

எல்லார் முன்னாலும். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவல் பாதி கீழே போயிற்று.

புஷ்பராஜ்: "டேய், பெரிய மனுசன்கிட்ட இப்படியாடா கேப்ப?"

சாதிக் அண்ணன்: "சார் தப்பா எடுத்துக்காதீங்க. பையன் தங்கமான பையன். ஒரு சம்பந்தம் நின்னு, அந்த வருத்தத்துல இருக்கான்."

இன்னொருவர்: "குடிக்க மாட்டான் சார்."

மற்றொருவர்: "பல்லடத்துல ஒண்ணரை ஏக்கர் இருக்கு சார்."

புஷ்பராஜ்: "வண்டிதான் கவுத்துவான் சார். மத்தபடி ஒண்ணும் குறையில்லை."

ஒருமணி நேரத்தில் பதினாறு பேரும் ஆர். எம். சாரிடம் அவருக்காகப் பரிந்துபேசிவிட்டார்கள். சபரீஷ் ஒன்றும் எழுதவில்லை. என்னை மாட்டிவிட அவருக்கு ஒரு வரி போதும், நேற்றும் போதும், இன்றும் போதும். எழுதவில்லை.

அடுப்பை அணைத்தேன். "அந்த அம்மணி நான்தானுங்க" என்று எழுதினேன். அனுப்பினேன். "ஆர். எம்.மும் நான்தான். மிதுனா. நின்ன சம்பந்தமும் என்னோடதுதான்." அதையும் அனுப்பினேன்.

மேலே சாதிக் அண்ணன் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது. நான் தேங்காயைக் கழுவி எடுத்தேன். பூமாலைப் பேச்சுக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

கடைசியில் வந்தது: "சரிங்க சார். மட்கார்டு பின் ஓரத்தை எவ்வளவு அரைச்சீங்கன்னு சொன்னா நம்ம பசங்க எல்லாருக்கும் உதவியா இருக்கும்."

புஷ்பராஜ்: "ஆமா சார். படத்தோட போடுங்க சார்."

மாடிக்குப் போய் ஸ்கேலை எடுத்து, வண்டியைக் கவிழ்த்து, இரண்டு பக்கமும் அளந்தேன். முறைப்படி பார்த்தால் முதலில் கேட்டவர் சபரீஷ். ஆனால் மட்கார்டுதான் அவசரம்.